இரண்டு சென்டிமீட்டர் வாதம் எங்கே சறுக்குகிறது

அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் வயலுக்கு அடியில் வடிகுழாய் பதிக்கிறவர்களிடம் ஒரு கருத்து ஆழமாக ஊறிப்போயிருக்கிறது. டிராக்டரை நேர்க்கோட்டில் ஓட்ட ஜி.பி.எஸ். போதும், குழாய்க்கு வாட்டம் பிடிக்க வேண்டுமென்றால் லேசர்தான் என்பது அது. அதற்கு ஆதாரமாக அவர்கள் ஒரு கணக்கையும் போட்டுக் காட்டுவார்கள். செயற்கைக்கோள் திருத்தம் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் உயரத்தில் 2 சென்டிமீட்டர் வரை பிழை இருக்கலாம் என்று கருவியை விற்கிறவரே விவரத்தாளில் அச்சடித்துத் தருகிறார். குழாய்க்கு வேண்டிய வாட்டமோ பல வயல்களில் 10 மீட்டருக்கு வெறும் 1 சென்டிமீட்டர். 1 சென்டிமீட்டர் இறக்கத்தை 2 சென்டிமீட்டர் பிழையுள்ள கருவி எப்படிப் பிடிக்கும்? தண்ணீர் திரும்பி ஓடாதா?

கேட்டதும் தலையாட்ட வைக்கிற கணக்கு. அந்த இரண்டு எண்களிலும் தவறில்லை. ஆனால் ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடவே கூடாது. இந்த ஒப்பீட்டை நம்பி, தங்கள் நிலத்துக்குப் பொருத்தமான முறையை ஒதுக்குகிற விவசாயிகள் உண்டு. அதைவிடக் கெடுதல், இந்தக் கணக்கிலேயே கவனம் முழுவதும் செலவாகி, செயற்கைக்கோள் முறையில் உண்மையாகவே ஆபத்து ஒளிந்திருக்கும் இடங்களை யாரும் பார்க்காமல் விடுவது.

நம் ஊரில் வயலுக்குத் தண்ணீர் கொண்டுவருவதே பெரும்பாடு. அயோவாவிலும் இல்லினாயிலும் ஒஹையோவிலும் நிலைமை நேர்மாறு. பனிப்பாறைகள் அரைத்துப் பரப்பிவிட்டுப் போன கனத்த, தட்டையான மண். பனி உருகும் வசந்தத்தில் தண்ணீர் வடியாமல் நிற்கும். டிராக்டர் இறங்க முடியாது, விதைப்பு தள்ளிப்போகும், முளைத்த சோளத்தின் வேர் மூச்சு முட்டும். அதனால் மூன்று நான்கு அடி ஆழத்தில் துளையிட்ட குழாய்களை வரிசையாகப் பதித்து, வேர்ப்பகுதியின் மிகைநீரை ஓடைக்கு இறக்கிவிடுகிறார்கள். ஸ்காட்லாந்திலிருந்து வந்து நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவா ஊரருகே குடியேறிய ஜான் ஜான்ஸ்டன் 1838-ல் தன் பண்ணையில் சுட்ட மண் குழாய்களைப் புதைத்ததிலிருந்து அந்த நாட்டில் இந்த வழக்கம் வேர்விட்டது. குழாய் இப்போது நெளிவுகொண்ட கருப்புப் பிளாஸ்டிக்காக மாறிவிட்டது. ‘டைல்’ என்ற பழைய பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2017-ம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி நாடு முழுக்க ஏறத்தாழ 5.5 கோடி ஏக்கர் நிலம் இப்படி வடிக்கப்படுகிறது. அயோவாவில் மட்டும் சுமார் 1.4 கோடி.

இந்தக் குழாயில் பம்பு இல்லை, அழுத்தம் இல்லை. வாட்டம் ஒன்றுதான் தண்ணீரை நகர்த்துகிறது. 4 அங்குலப் பிளாஸ்டிக் குழாய்க்கு, நுண்மணலோ வண்டலோ புகாத மண்ணில், 0.07 சதவீத வாட்டமாவது வேண்டும் என்பது வடிகால் கையேடுகள் சொல்லும் கீழெல்லை. 100 மீட்டருக்கு 7 சென்டிமீட்டர். வண்டல் புகும் மண்ணென்றால் அதை அடித்துக்கொண்டு போகிற வேகம் தண்ணீருக்கு வேண்டும். அப்போது அதே குழாய்க்கு 0.55 சதவீதம் கேட்கிறார்கள். நடுவில் ஓரிடம் பள்ளமாகிவிட்டால் அங்கே தண்ணீர் நிற்கும், மண் படியும், சில வருடங்களில் குழாயின் வாய் குறுகும். பதித்தபின் யாரும் பார்க்க முடியாத இடத்தில் இது நடக்கிறது. அதனால் வாட்டத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். கவலை நியாயமானதுதான்.

லேசரின் மீதான பற்றும் காரணமில்லாமல் வந்ததல்ல. 1960-களில் ஒஹையோவில் ஜேம்ஸ் ஃபௌஸ் முதலான வேளாண் பொறியாளர்கள் குழாய் பதிக்கும் கலப்பையையும், அதன் ஆழத்தை லேசர் கற்றையால் தானாகக் கட்டுப்படுத்தும் முறையையும் உருவாக்கினார்கள். அதுவரை வயல் நெடுக முளையடித்து, குறிப்பலகை கட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு இயந்திரத்தை ஓட்டிய தொழில் அது. லேசர் வந்தபின் சுழலும் கற்றை வயலின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு தளத்தை விரித்தது. கலப்பையின் கம்பத்தில் இருந்த உணரி அந்தத் தளத்தைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கியது. ஒரு தலைமுறை ஒப்பந்ததாரர்கள் இதை வைத்துத்தான் நல்ல பெயர் எடுத்தார்கள். கைக்குப் பழகிய கருவியை விட மனம் வராதது இயல்பு. அந்த மனத்தயக்கத்துக்குக் கணித வேடம் போடுவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

அந்த 2 சென்டிமீட்டர் எதைக் குறிக்கிறது என்று பார்ப்போம். செயற்கைக்கோள் அனுப்பும் முதன்மை அலையின் நீளம் சுமார் 19 சென்டிமீட்டர். அலையின் எந்தக் கட்டத்தில் நாம் நிற்கிறோம் என்பதை ஒரு நல்ல வாங்கியால் மில்லிமீட்டர் அளவில் சொல்ல முடியும். நமக்கும் செயற்கைக்கோளுக்கும் இடையே எத்தனை முழு அலைகள் என்பதுதான் தெரியாது. வயலோரத்தில் அசையாமல் நிற்கும் ஒரு தளக்கருவி அதே செயற்கைக்கோள்களைக் கேட்டு, தன் அளவீடுகளை நொடிக்கொருமுறை வானொலி வழியே கலப்பைக்கு அனுப்புகிறது. இரண்டையும் கழித்துப் பார்த்தால் பொதுவான பிழைகள் பெரும்பாலும் விழுந்துவிடும்; முழு அலைகளின் எண்ணிக்கையும் பிடிபடும். இதுதான் ஆர்.டி.கே. எண்ணிக்கை பிடிபட்ட நிலையைத் தொழிலில் ‘ஃபிக்ஸ்’ என்கிறார்கள். உயரத்தில் பிழை கிடைமட்டத்தைவிட ஒன்றரை, இரண்டு மடங்கு இருக்கும் என்பதும் உண்மை. செயற்கைக்கோள்கள் எல்லாம் தலைக்கு மேலேதான் இருக்கின்றன, காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. கிழக்கே இருப்பதன் பிழையை மேற்கே இருப்பது ஈடுகட்டும். மேலே இருப்பதன் பிழையை ஈடுகட்டக் கீழே ஆள் கிடையாது.

இப்படிக் கிடைக்கும் 2 சென்டிமீட்டர், ஏதோ ஒரு நாளில் ஏதோ ஒரு நேரத்தில் ஒரு புள்ளியை அளந்தால் அதன் உண்மையான உயரத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கலாம் என்பதற்கான அளவு. குழாயில் ஓடும் தண்ணீருக்கு அந்தப் புள்ளி கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்ற செய்தியே தேவையில்லை. அடுத்த மீட்டர் இந்த மீட்டரைவிடத் தாழ்ந்திருக்கிறதா என்பது ஒன்றுதான் அதற்குக் கணக்கு. ஆக நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த நிமிடம் இருக்கும் பிழைக்கும் அடுத்த நிமிடம் இருக்கும் பிழைக்கும் வேறுபாடு எவ்வளவு? கடைக்காரரின் தராசு எப்போதும் 20 கிராம் கூடக் காட்டினாலும், இரண்டு மூட்டைகளில் எது கனம், எவ்வளவு கனம் என்பதை அது சரியாகவே சொல்லும்.

பிழையைப் பிரித்துப் பார்த்தால் இது தெளிவாகும். தளக்கருவி நிற்கும் இடத்தின் உயரத்தையே தவறாகக் கொடுத்திருந்தால், அந்தத் தவறு வயலின் எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரே அளவில் சேரும். வாட்டத்தை அது தொடாது. காற்றின் ஈரத்தால் வரும் தாமதம், தளக்கருவி சில கிலோமீட்டருக்குள் இருந்தால், இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். மிச்சமிருக்கும் சிறு வேறுபாடும் மணிக்கணக்கில்தான் நகரும். செயற்கைக்கோள்கள் வானில் இடம் மாறுவதால் வரும் மாற்றத்துக்குப் பல நிமிடங்கள் பிடிக்கும். சுற்றியுள்ள பொருள்களில் பட்டுத் திரும்பும் அலைகளால் வரும் பிழைதான் இவற்றில் முரட்டுத்தனமானது. அதுவும் திறந்த வெளியில் நிமிடக்கணக்கில்தான் ஏறி இறங்கும். கடைசியாக, நொடிக்கு நொடி வரும் சில மில்லிமீட்டர் நடுக்கம்.

இப்போது கலப்பையைப் பாருங்கள். மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொண்டால் 100 மீட்டரைக் கடக்க அதற்கு இரண்டரை நிமிடம்கூட ஆகாது. அந்த நேரத்துக்குள் மெதுவான பிழைகள் 1 சென்டிமீட்டர் நகர்ந்தன என்றே கொள்வோம். 10 சென்டிமீட்டர் இறங்கியிருக்க வேண்டிய குழாய் 9 சென்டிமீட்டர் இறங்கியிருக்கும், அல்லது 11. அதாவது 0.1 சதவீதத்துக்குப் பதில் 0.09. அப்போதும் கீழெல்லையான 0.07-க்கு மேலேதான். நொடிக்கு நொடி வரும் நடுக்கத்தையோ கலப்பையின் உடம்பே விழுங்கிவிடுகிறது. மண்ணுக்குள் மூன்றடி ஆழத்தில் இழுபட்டுப் போகிற கனத்த இரும்பு அது. ஆழத்தை மாற்றச் சொன்னால் உடனே மாறாது. கூர்முனையின் கோணம் மாறி, சில அடி தூரம் நகர்ந்து, படிப்படியாகத்தான் புதிய ஆழத்துக்கு வரும். ஒரு நொடி வந்துபோகும் 5 மில்லிமீட்டர் துள்ளலை அது பின்தொடர நினைத்தாலும் முடியாது.

10 மீட்டருக்கு 1 சென்டிமீட்டர், கருவியின் பிழை 2 சென்டிமீட்டர் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறவர், அந்த 2 சென்டிமீட்டரும் பத்தே மீட்டருக்குள், அதாவது பதினைந்து நொடிக்குள், முழுதாக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் பாயும் என்று தன்னை அறியாமலே எடுத்துக்கொள்கிறார். ஃபிக்ஸ் பிடித்து, வானம் திறந்திருக்கும் இடத்தில் அப்படி நடப்பதில்லை.

படித்த பொறியாளர்கள் சிலர் இன்னொரு நுட்பமான ஆட்சேபம் எழுப்புவார்கள். செயற்கைக்கோள் தரும் உயரம் பூமியின் கணித வடிவத்திலிருந்து அளக்கப்படுவது, தண்ணீரோ ஈர்ப்புக்குக் கட்டுப்பட்டு ஓடுவது, இரண்டு மட்டமும் ஒன்றல்ல என்பார்கள். சரிதான். ஆனால் அந்தச் சமவெளிகளில் இரண்டுக்கும் உள்ள சாய்வு வேறுபாடு கிலோமீட்டருக்குச் சில சென்டிமீட்டர். அதுவும் சீராகப் பரவியிருக்கும். திருத்த மாதிரி ஒன்று மென்பொருளிலேயே இருக்கிறது. அதைப் போடாமல் விட்டால்கூடக் குழாயின் வாட்டத்தில் இரண்டாம் தசமத்தைத் தாண்டித்தான் அதன் தடயம் தெரியும்.

இனி லேசரின் பக்கம். செயற்கைக்கோளிடம் கேட்கும் கறாரான கேள்விகளை லேசரிடம் யாரும் கேட்பதில்லை என்பது எனக்கு வெகுநாளாக உறுத்தல். நல்ல லேசர் கருவியின் விவரத்தாளிலும் பிழை அச்சிடப்பட்டிருக்கிறது. 10 விகலை என்று வைத்துக்கொண்டால் 300 மீட்டரில் ஒன்றரை சென்டிமீட்டர் வருகிறது. அதோடு லேசரின் தளம் நேரானது, தண்ணீரின் மட்டம் பூமியோடு சேர்ந்து வளைந்தது. 500 மீட்டர் தள்ளிப் போனால் அந்த வளைவு மட்டும் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர். எந்த 2 சென்டிமீட்டரைக் காட்டி ஆர்.டி.கே.யை ஒதுக்குகிறார்களோ, அதே 2 சென்டிமீட்டர் இங்கே கேட்பாரில்லாமல் கிடக்கிறது.

இதெல்லாம் காகிதக் கணக்கு. வயலில் லேசருக்கு வேறு எதிரிகள். குழாய் பதிக்கும் பருவம் அறுவடைக்கும் மண் உறைவதற்கும் இடையில், பிறகு பனி உருகியதற்கும் விதைப்புக்கும் இடையில். அந்தச் சமவெளிகளில் காற்று சுழற்றி அடிக்கிற மாதங்கள் அவை. உயரமான முக்காலியின் உச்சியில் நிற்கும் லேசர் அந்தக் காற்றில் நடுங்கும். நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளியிருக்கும் உணரியில் அந்த நடுக்கம் பெருகித் தெரியும். வெயிலேறினால் தரையிலிருந்து எழும் வெப்பம் கற்றையை வளைக்கும். குழாய்ச் சுருள் ஏற்றிய வண்டி நடுவே வந்தால் கற்றை மறையும். அங்கே பல வயல்கள் 160 ஏக்கர் சதுரங்கள், ஒரு பக்கம் அரை மைல். அந்த நீளத்துக்கு லேசரை ஒரே இடத்தில் வைத்து முடிக்க முடியாது. இடம் மாற்ற வேண்டும். மாற்றும் ஒவ்வொரு முறையும் பழைய மட்டத்தைப் புதியதோடு இணைக்க வேண்டும். இணைக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு பிழை சேரும். ஆர்.டி.கே.யில் வயலின் இந்தக் கோடியும் அந்தக் கோடியும் ஒரே தளக்கருவியோடு நேராகப் பேசுகின்றன. பிழை கூடிக்கொண்டே போவதில்லை.

லேசரால் செய்யவே கடினமான வேலை ஒன்றும் உண்டு. லேசர் தருவது ஒரே சாய்வான தளம். நிலம் மேடும் தாழ்வுமாக இருந்தால் ஒரே சாய்வில் போகிற குழாய் மேட்டில் ஆறடி ஆழத்துக்குப் போய்விடும், தாழ்வில் கலப்பைக்கொழு எட்டும் ஆழத்துக்கு மேலேயே வந்துவிடும். இடையிடையே வாட்டத்தை மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு ஓட்டுநர் நிறுத்திக் கணக்குப் போட்டுப் புது எண்ணை ஏற்ற வேண்டும். ஆர்.டி.கே. முறையில் கலப்பை முதலில் மண்ணைத் தொடாமல் அந்தப் பாதையில் ஒருமுறை போய் வருகிறது. நிலத்தின் மேற்பரப்பு திரையில் ஒரு கோடாக எழுகிறது. குறைந்தபட்ச ஆழம் இவ்வளவு, அதிகபட்ச ஆழம் இவ்வளவு, வாட்டம் இதற்குக் கீழே போகக் கூடாது என்று மூன்று எண்களைக் கொடுத்தால் மென்பொருள் அந்தக் கோட்டுக்கு அடியில் குழாயின் பாதையை வரைகிறது. பிறகு கலப்பை இறங்கும்போது, திட்டமிட்ட கோட்டின் மேல் உண்மையில் பதிந்த கோடு ஊர்ந்து வருவதை ஓட்டுநர் பார்த்துக்கொண்டே போகலாம். எங்கே விலகியது, எவ்வளவு விலகியது என்பது கண்ணெதிரே இருக்கிறது. லேசர் ஓட்டுநருக்கு ஒரு பச்சை விளக்குத்தான்.

இவ்வளவு சொன்னபின் எதிர்த்தரப்புக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்க வேண்டும். செயற்கைக்கோள் திருத்தம் என்ற பெயரில் பல சரக்குகள் விற்கின்றன; எல்லாம் ஒன்றல்ல. 2003-ல் விமானப் போக்குவரத்துக்காக அமெரிக்க அரசு பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த வாஸ் திருத்தம் இலவசம். உரம் தெளிக்கப் போதும். உயரத்தில் அது மீட்டர் அளவில் தடுமாறும். அதை வைத்துக் குழாய் பதிக்க நினைப்பதே தவறு. விண்ணிலிருந்தே இறங்கி வரும் கட்டணத் திருத்தங்கள் அதைவிட எவ்வளவோ மேல். வயலோரத்தில் தளக்கருவி வேண்டாம் என்பதால் விவசாயிகளுக்கு அவை பிடித்திருக்கின்றன. ஆனால் அவற்றின் உயர அளவு சில பத்து நிமிடங்களில் மெல்ல நழுவக்கூடியது. மரத்தடியில் ஒருமுறை தொடர்பு அறுந்தால் மறுபடி நிலைகொள்ள நேரம் பிடிக்கும். நடவுக்கும் அறுவடைக்கும் அவை அருமை. குழாய்க்கு வேண்டாம். ஜி.பி.எஸ்.ஸை நம்பிக் கெட்டேன் என்று சொல்கிறவரிடம் நான் முதலில் கேட்பது எந்தத் திருத்தம் என்பதைத்தான்.

தொலைபேசி வலை வழியே வரும் ஆர்.டி.கே. சேவைகளும் உண்டு. அயோவாவின் போக்குவரத்துத் துறையே மாநிலம் முழுக்க அப்படியொரு வலையை நடத்துகிறது. நல்ல ஏற்பாடு. வயலின் நடுவில் கருவி தானாக ஒரு நிலையத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்படி மட்டும் விடக்கூடாது. தாவும் இடத்தில் உயரம் ஒரு படி ஏறலாம், இறங்கலாம். மண்ணுக்குள் அது நிரந்தரப் படியாகிவிடும்.

உண்மையான ஆபத்துகள் இந்த மாதிரி இடங்களில்தான் இருக்கின்றன. குழாய் பதிப்பது எப்போதும் வெளிவாயிலிருந்து, அதாவது ஓடைக்கரையிலிருந்து, மேல்நோக்கி. ஓடைக்கரையில்தான் மரங்கள். வயல் முழுவதன் தண்ணீரையும் சுமக்கப்போகிற பிரதான குழாயின் முதல் சில பத்து மீட்டர்கள், வானம் மிக மோசமாகத் தெரியும் இடத்தில் அமைகின்றன. அங்கே ஃபிக்ஸ் அறும். அதைவிட மோசமாக, முழு அலைகளின் எண்ணிக்கையைக் கருவி தவறாகப் பிடித்துக்கொண்டு, தவறென்றே தெரியாமல் பத்து இருபது சென்டிமீட்டர் தள்ளிய உயரத்தைக் காட்டவும் கூடும். அந்த மீட்டர்களுக்கு லேசரையோ சாதாரண லெவல் கருவியையோ வைத்துக்கொண்டு, மர நிழலைத் தாண்டியதும் ஆர்.டி.கே.க்கு மாறுவதே புத்திசாலித்தனம். நான் லேசரை ஒழிக்கச் சொல்லவில்லை. அதற்குப் பொருத்தமான இடம் இது.

அடுத்தது நிறுத்தம். குழாய்ச் சுருள் தீர்ந்து புதிய சுருள் மாற்றும்போதோ, ஒரு போல்ட் உடைந்து சரிசெய்யும்போதோ கலப்பை மண்ணுக்குள்ளேயே அரை மணி நேரம் நிற்கும். நகரும்போது இரண்டரை நிமிடத்தில் அற்பமாக இருந்த மெதுவான பிழை, இந்த அரை மணியில் 2 சென்டிமீட்டர் நடந்துவிடலாம். அப்படியே கிளப்பினால் அந்த இடத்தில் ஒரு படி விழும். எதிர்த்தரப்பார் சொல்லும் 2 சென்டிமீட்டர் உண்மையிலேயே குழாயைத் தீண்டுவது இங்கேதான். கலப்பை அசையவில்லை, ஆகவே நின்றபோது திரையில் இருந்த உயரமும் கிளம்பும்போது இருக்கும் உயரமும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வேறுபாட்டை ஏற்றிச் சரிசெய்துவிட்டுக் கிளம்ப வேண்டும். ஒரு காகிதமும் பென்சிலும் போதும். இதைச் செய்கிற ஓட்டுநரையும் செய்யாத ஓட்டுநரையும் பிரிக்கிற கோடு, லேசருக்கும் செயற்கைக்கோளுக்கும் இடையிலுள்ள கோட்டைவிடப் பெரியது.

தளக்கருவியும் அப்படித்தான். வசந்தத்தில் நிலத்தை அளந்து திட்டம் போட்டு, இலையுதிர்காலத்தில் பதிக்க வரும்போது தளக்கருவியை அதே புள்ளியில் வைக்காமல் கைக்கு வந்த இடத்தில் வைத்தால் திட்டத்தின் உயரங்களுக்கும் நிலத்தின் உயரங்களுக்கும் ஒட்டே இருக்காது. அசையாத இடத்தில், பாலத்தின் கான்கிரீட்டிலோ அடித்திறக்கிய இரும்பு முளையிலோ, ஓர் ஆதாரப் புள்ளி வைத்துக்கொண்டு காலையிலும் மதியமும் மாலையிலும் அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அளந்த எண்ணைத் தேதியோடு எழுதி வைக்க வேண்டும்.

2024 மே 10, 11 தேதிகளில் வந்த சூரியப் புயலை எதிர்த்தரப்பார் இப்போது மறக்காமல் சொல்கிறார்கள். இருபதாண்டுகளில் காணாத கடும் புயல் அது. சோள விதைப்பு உச்சத்தில் இருந்தபோது பல பண்ணைகளில் ஆர்.டி.கே. அறுந்தது, சில இடங்களில் நிலை தள்ளிக் காட்டியது. உண்மை. ஆனால் அதிலிருந்து என்ன முடிவுக்கு வர வேண்டும்? விதைப்புக்கு நாள் தப்பினால் விளைச்சல் குறையும், அதனால் அன்று விவசாயி தவித்தது புரிகிறது. குழாய் ஐம்பது வருடம், அதற்கு மேலும் மண்ணுக்குள் இருக்கப்போகிறது. அதைப் பதிக்க இரண்டு நாள் பொறுத்தால் ஒன்றும் கெடாது. நிலை தள்ளிக் காட்டினாலும் ஆதாரப் புள்ளியைத் தொட்டதும் குட்டு வெளிப்பட்டுவிடும். பலத்த காற்றில் லேசர்க்காரர்கள் வேலையை நிறுத்துவதை யாரும் லேசரின் தோல்வி என்று சொன்னதில்லை.

இன்னொரு வாதம், இந்தக் கருவி வந்ததால் கண்டவரெல்லாம் டிராக்டருக்குப் பின்னால் ஒரு கலப்பையை மாட்டிக்கொண்டு குழாய் பதிக்கக் கிளம்பிவிட்டார்கள், வேலையின் தரம் கெட்டுவிட்டது என்பது. கெட்ட வேலைகள் நடக்கின்றன என்பதை ஏற்கிறேன். அவற்றைத் தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் கிடைப்பது வேறு குற்றவாளிகள்: பிரதான குழாய் போதிய பருமன் இல்லாதது, வெளிவாய் ஓடையின் வெள்ளமட்டத்துக்குக் கீழே வைக்கப்பட்டது, மணல் மண்ணில் வடிதுணி சுற்றாதது, கிளைகளின் இடைவெளியை மண்ணைப் பார்க்காமல் பக்கத்து வயலைப் பார்த்து முடிவு செய்தது. எந்தக் கருவியும் இவற்றைத் தடுக்காது, எந்தக் கருவியும் இவற்றை உண்டாக்கியதும் இல்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் இதைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறது. அங்கே வடிகுழாய்ச் சட்டத்தின் கீழ் தொழில் நடத்துபவர், இயந்திரம், அதை ஓட்டுபவர் என மூன்றுக்கும் தனித்தனி உரிமம் வேண்டும். ஆளுக்குத் திறமை வேண்டும் என்பதுதான் கவலை என்றால் அந்த வழியில் போராடலாம். நானும் கூட வருவேன்.

இந்த விவாதத்தில் பேசவே படாத ஒன்றுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. ஆர்.டி.கே. கலப்பை போன இடமெல்லாம் ஒரு பதிவை விட்டுச் செல்கிறது. குழாயின் ஒவ்வொரு மீட்டரும் எங்கே, எவ்வளவு ஆழத்தில், எந்த உயரத்தில் என்பது கோப்பாக இருக்கிறது. லேசரால் பதித்த குழாய்க்கு ஒப்பந்ததாரரின் ஞாபகமும் ஒரு கைவரைபடமும்தான். வரைபடம் பண்ணை கைமாறும்போது தொலையும். நூறு வருடம் முன்பு புதைத்த மண் குழாய்களைத் தேடி இன்றும் அங்கே விவசாயிகள் கூர்கம்பியால் நிலத்தைக் குத்திப் பார்க்கிறார்கள். வசந்த மழை விட்ட இரண்டாம் மூன்றாம் நாளில், குழாய்க்கு மேலுள்ள மண் முதலில் உலர்ந்து வெளிர்க்கோடாகத் தெரியும். அந்த ஓரிரு நாளுக்குள் படம் எடுத்துவிட வேண்டும். கண்டுபிடிக்காமல் புதுக் குழாய் பதித்தால் பழையதை வெட்டிவிடுவார்கள். அடுத்த வருடம் அந்த இடத்தில் குளம் நிற்கும்.

இந்தப் பதிவு விவசாயிக்கு மட்டுமல்ல, ஆற்றின் கீழ்ப்பகுதியில் தண்ணீர் குடிப்பவருக்கும் வேண்டும். வடிகுழாய்கள் வயலின் நைட்ரேட்டையும் சேர்த்துக் கொண்டுபோய் ஆற்றில் விடுகின்றன. அயோவாவின் தலைநகர் டெ மோய்னின் குடிநீர் நிறுவனம் 2015-ல் ஆற்றின் மேற்பகுதியில் உள்ள மூன்று மாவட்டங்களின் வடிகால் நிர்வாகங்கள் மீது வழக்கே போட்டது. 2017-ல் வழக்கு தள்ளுபடியானது, நைட்ரேட் தள்ளுபடியாகவில்லை. அதைக் குறைக்கும் வழிகளில் ஒன்று, வெளிவாயில் பலகைத் தடுப்பு வைத்து, தேவையில்லாத மாதங்களில் தண்ணீரை மண்ணிலேயே நிறுத்திவைப்பது. ஒரு தடுப்பு ஓரிரு அடி உயர வேறுபாட்டுக்குள் இருக்கும் நிலத்தைத்தான் கட்டுப்படுத்தும். ஆகவே கிளைக் குழாய்கள் சம உயரக் கோட்டை ஒட்டி வளைந்து போக வேண்டும். உயர வரைபடத்தில் திட்டமிட்டு, திட்டமிட்ட வளைவிலேயே பதிக்கும் வேலை இது; நேர்க்கோட்டுக்கும் ஒற்றைச் சாய்வுக்கும் பழகிய லேசர் இதில் திணறும். வடிகுழாயே கூடாது என்கிறவர்களின் ஆட்சேபத்தை நான் மதிக்கிறேன். இருக்கிற 5.5 கோடி ஏக்கரைத் திருத்துவதற்கு எங்கே என்ன புதைந்திருக்கிறது என்ற பதிவில்லாமல் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

எதிர்த்தரப்பின் கடைசிக் கோட்டை, மின்னசோட்டாவுக்கும் வடக்கு டகோட்டாவுக்கும் இடையிலுள்ள செந்நதிச் சமவெளி. பனியுகத்து அகாசி ஏரியின் அடித்தரை அது. பார்வைக்கு எட்டும்வரை மேஜைபோலக் கிடக்கும். நிலத்துக்கென்று வாட்டமே இல்லாததால் குழாயே தன் வாட்டத்தை உண்டாக்கிக்கொண்டு போய், கடைசியில் ஓடையைவிடத் தாழ்ந்துவிடும். அங்கிருந்து பம்பு வைத்துத்தான் தண்ணீரை மேலேற்றுகிறார்கள். அங்கே லேசர்தான் என்பார்கள். ஆனால் அந்தச் சமவெளியில் பெருமளவில் குழாய் இறங்கியதே இந்த நூற்றாண்டில், ஆர்.டி.கே. கலப்பைகள் பரவிய காலத்தில்தான். காரணம் எளிது. மரமில்லை, வானம் நாற்புறமும் திறந்திருக்கிறது, வரிசைகள் அரை மைல் நீளம். லேசருக்கு மிகக் கடினமான நிலம் ஆர்.டி.கே.க்கு மிகச் சாதகமான நிலமாக அமைந்துவிட்டது. 0.05 சதவீதத்துக்கும் கீழே போகும் பிரதான குழாய்களில் மட்டும், மூடுவதற்கு முன் சில இடங்களில் லெவல் கருவியால் சரிபார்க்கச் சொல்வேன். லேசரால் பதித்தாலும் அதையே சொல்வேன்.

குழாய் பதிக்க ஆள் அமர்த்தும் விவசாயி, லேசரா செயற்கைக்கோளா என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். தளக்கருவி எங்கே நிற்கப்போகிறது, ஓடைக்கரை மரங்களுக்கு அடியில் என்ன செய்யப்போகிறீர்கள், ஆதாரப் புள்ளியை நாளுக்கு எத்தனை முறை தொடுவீர்கள் என்று கேட்கட்டும். பதித்த கோட்டின் கோப்பும், ஆதாரப் புள்ளி அளவுகளை எழுதிய தாளும் கைக்கு வரும்வரை கடைசித் தவணைப் பணத்தை நிறுத்திவைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிவிடட்டும்.